‘எ மில்லியன் டைம்ஸ்’ என்றால் எத்தனை தடவை? ஆங்கில மிகைப்பேச்சு பற்றி ஓர் இழை

காற்புள்ளி:
ஆங்கிலத்தில் மிகைப்படுத்திப் பேசுவது பற்றிய கேள்விகள் பல இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே இடத்தில் கொண்டுவரலாம் என்று இதைத் தொடங்குகிறேன். திரும்பத் திரும்ப வருபவை இவை: ‘வெரி கோல்ட்’ சரி, ‘வெரி ஃப்ரீஸிங்’ ஏன் உறுத்துகிறது? ‘சொல்லுக்குச் சொல் உண்மையாகவே’ என்று பொருள்படும் ‘லிட்டரலி’யை அதன் நேரெதிர்ப் பொருளில் எழுதலாமா? அலுவல் மின்னஞ்சலில் ‘த்ரில்ட்’, ‘அமேஸிங்’ எல்லாம் எவ்வளவு தாங்கும்? வசன மொழிபெயர்ப்பில் ‘ஐ ஆம் டெட்’ வந்து நின்றால் என்ன செய்வது?

‘நம்ம உயர்வு நவிற்சி அணிதான் அது’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அணி செய்யுளுக்கு. இங்கே கேட்பது அன்றாடம் பேசுகிற, எழுதுகிற ஆங்கிலம்.

நெடில்:
முதல் கேள்விக்கு மட்டும் நான். ‘ஃப்ரீஸிங்’ என்ற சொல்லுக்குள் ‘வெரி’ ஏற்கெனவே குடியிருக்கிறது. அதனால்தான் வெளியே இன்னொன்றைப் போட்டால் இடிக்கிறது.

ஆங்கிலப் பெயரடைகளில் ஏறி இறங்குகிறவை ஒரு வகை, உச்சியிலேயே உட்கார்ந்திருப்பவை இன்னொரு வகை. கோல்ட் ஏறி இறங்கும், ஃப்ரீஸிங் உச்சி. அப்படியே ஹாட்டுக்கு பாய்லிங், ஹங்ரிக்கு ஸ்டார்விங், டயர்டுக்கு எக்ஸாஸ்டட், டர்ட்டிக்கு ஃபில்தி, ஆங்ரிக்கு ஃப்யூரியஸ், ஸ்மாலுக்கு டைனி. முதல் வகையோடு வெரி, ஃபேர்லி, எ பிட் சேரும். இரண்டாவதோடு ஆப்சல்யூட்லி சேரும். கம்ப்ளீட்லி, அட்டர்லி இரண்டும் உச்சிச் சொற்களுக்குத்தான் என்றாலும் எல்லாவற்றோடும் ஒட்டாது: ‘கம்ப்ளீட்லி எக்ஸாஸ்டட்’ உண்டு, ‘கம்ப்ளீட்லி டைனி’ யாரும் சொல்வதில்லை. ரியலி, ஸோ இரண்டும் எங்கே போட்டாலும் பழுதில்லை. தடுமாறினால் ரியலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல் எந்த வகை என்று தெரியவில்லையா? ‘மோர்’ அல்லது ‘-அர்’ சேர்த்துப் பாருங்கள். ‘கோல்டர்’ இயல்பாக வரும். ‘மோர் ஃப்ரீஸிங்’ வராது. இந்தச் சோதனை எப்போதும் செல்லாது. ‘டைனியர்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பத்துக்கு எட்டு இடத்தில் கைகொடுக்கும்.

எதிர்த்திசையில் செய்கிற தவறைத்தான் யாரும் கவனிப்பதில்லை: ‘ஆப்சல்யூட்லி கோல்ட்’, ‘ஆப்சல்யூட்லி டயர்ட்’. ‘வெரி ஃப்ரீஸிங்’ அளவுக்கே இதுவும் பிழை.

இன்னொரு குழி ‘க்வைட்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘க்வைட் டயர்ட்’ என்றால் ஓரளவு களைப்பு. ‘க்வைட் எக்ஸாஸ்டட்’ என்றால் முழுக்கக் களைப்பு. பின்னால் வரும் சொல்லின் வகையைப் பொறுத்து அதே ‘க்வைட்’ பொருள் மாறிவிடுகிறது. ‘க்வைட் குட்’ என்பதை அமெரிக்கர் பாராட்டாக எடுத்துக்கொள்வார். பிரிட்டிஷ்காரர் வாயில் அது பல நேரம் ‘பரவாயில்லை’தான்.

எண்ணும்_எழுத்தும்:
எண்களுக்கு வருகிறேன். மிகைப்பேச்சில் எந்த எண் வேண்டுமானாலும் வந்துவிடாது. எ ஹண்ட்ரட், எ தௌசண்ட், எ மில்லியன் என்று உருண்டையான பெரிய எண்கள்தான். ‘ஐ ஹாவ் டோல்ட் யூ எ மில்லியன் டைம்ஸ்’ என்பதில் ‘எ’ முக்கியம். அதை ‘ஒன் மில்லியன் டைம்ஸ்’ ஆக்கினால் யாரோ உட்கார்ந்து எண்ணியது போல் ஆகிவிடும். ‘த்ரீ மில்லியன் டைம்ஸ்’ சொன்னால் இன்னும் மோசம், கேட்பவருக்கு ‘ஏன் மூன்று?’ என்றுதான் தோன்றும்.

பன்மை ‘எஸ்’ எப்போது? பின்னால் ‘ஆஃப்’ வந்தால்: ‘மில்லியன்ஸ் ஆஃப் பீப்பிள்’. ‘எ’ முன்னால் நின்றால் ‘எஸ்’ கிடையாது. ‘எ மில்லியன்ஸ் ஆஃப்’ என்ற கலவை தேர்வுத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும். அப்படி ஒரு வடிவமே இல்லை.

ஸில்லியன், கஸில்லியன், அம்ப்டீன் எல்லாம் எண் மாதிரித் தோன்றும், எண் இல்லை. அதனாலேயே இவை பாதுகாப்பானவை, யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பேச்சுக்கு மட்டும்.

லோட்ஸ் ஆஃப், டன்ஸ் ஆஃப், ஹீப்ஸ் ஆஃப் வந்தால் வினைச்சொல் பின்னால் வரும் பெயரைப் பார்க்கும்: ‘லோட்ஸ் ஆஃப் டைம் இஸ்’, ‘லோட்ஸ் ஆஃப் பீப்பிள் ஆர்’. பேச்சில் ‘தேர்ஸ்’ எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அது வேறு கதை.

காலத்துக்கு ஏஜஸ், ஃபார்எவர். ‘ஐ ஹாவன்ட் ஸீன் யூ ஃபார் ஏஜஸ்’ என்பதில் வினை இறந்தகாலம் ஆகக் கூடாது. ‘டிடன்ட் ஸீ யூ ஃபார் ஏஜஸ்’ என்றால் அந்தக் காலம் முடிந்துபோன தொனி வந்துவிடும். கீழ்நோக்கிய மிகையும் உண்டு. ‘டூ செகண்ட்ஸ்’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

எதிர்வழக்கு:
எண்ணும்_எழுத்தும் சொன்னதில் ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது. உருண்டை எண் ஏன் வேண்டும்? உண்மையிலிருந்து வெகுதூரம் விலகி நிற்க. மிகைப்பேச்சுக்கும் பொய்க்கும் இருக்கிற வேறுபாடு முழுவதும் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டு ‘ஐ வெய்ட்டட் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’ என்றால் ஒருவரும் ஏமாறப்போவதில்லை. அதையே ‘ஐ வெய்ட்டட் டூ அவர்ஸ்’ என்றால் அது பொய். கூட்டியது என்னவோ நூறாண்டு இல்லை, ஒரு மணி இருபது நிமிடம்தான். ஆனாலும் பொய் அதுதான். அதிகமாகக் கூட்டுகிறவன் நம்பிக்கைக்கு உரியவன், கொஞ்சமாகக் கூட்டுகிறவன்தான் ஆபத்து.

கிரைஸ் என்ற தத்துவவாதி இதைத்தான் உரையாடலின் தர விதியை (பொய் என்று நம்புவதைச் சொல்லாதே என்பது) வெளிப்படையாக மீறுவது என்பார். ஒளித்து மீறினால் பொய், எதிராளிக்குத் தெரியும்படி மீறினால் அணி. 1589இல் ஜார்ஜ் பட்டன்ஹம் ஆங்கிலக் கவிதையியல் நூலில் இதற்கு வைத்த செல்லப்பெயர் ‘லௌட் லையர்’. உரக்கச் சொல்லும் பொய்யன். உரக்கச் சொல்வதால்தான் மாட்டிக்கொள்வதில்லை.

ஆகவே எழுதும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நான் போட்டிருக்கும் அளவு உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா? உண்டு என்றால் ஒன்று சரியான எண்ணுக்கு இறக்குங்கள், அல்லது நடக்கவே முடியாத உயரத்துக்கு ஏற்றுங்கள். ‘டசன்ஸ் ஆஃப் டைம்ஸ்’, ‘ட்வென்டி டைம்ஸ்’ எல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டவை.

போகிற போக்கில்: அதன் ஆங்கிலப் பெயர் ‘ஹைபர்பலி’, அழுத்தம் இரண்டாவது அசையில். எழுத்தைப் பார்த்து ‘ஹைப்பர்போல்’ என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

மெய்ப்புத்திருத்தி:
எதிர்வழக்கு, தூரக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஆல்வேஸ், நெவர், எவ்ரிபடி, நத்திங் இவற்றை எங்கே வைப்பீர்கள்? ‘யூ நெவர் லிஸன்’ என்பதில் எண்ணே இல்லை. நடக்க முடியாததும் இல்லை, உலகில் அப்படிக் காதே கொடுக்காதவர்கள் இருக்கலாம். ஆனாலும் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

இவற்றை உரையாடல் ஆய்வாளர் அனிடா பொமரன்ட்ஸ் 1986இல் ‘எக்ஸ்ட்ரீம் கேஸ் ஃபார்முலேஷன்’, அதாவது உச்சநிலைக் கூற்று, என்று தனியே பிரித்தார். புகார் சொல்லும்போதும், தன் பக்கத்தைக் காக்கும்போதும், ‘எல்லாரும்தானே செய்கிறார்கள்’ என்று நியாயப்படுத்தும்போதும் இவை வரும். எதிராளி ஐயப்படுவதற்கு முன்பே கதவைச் சாத்துகிற வேலை.

நடைமுறையில் இவை அடிக்கடி எதிர்த்திசையில் வேலை செய்யும். ‘யூ நெவர் ரிப்ளை டு மை மெயில்ஸ்’ என்று எழுதினால் எதிராளி ஒரே ஒரு பதில் மெயிலைத் தேடி எடுத்து முன்வைப்பார். அத்தோடு பேச்சு உங்கள் புகாரை விட்டு, ‘நெவர்’ சரியா தவறா என்பதற்குத் தாவிவிடும். அதனால் புகார்க் கடிதத்தில் இந்தச் சொற்களைத் தேடி எடுத்துவிட்டு எண்ணிக்கை போடுங்கள்: ‘த்ரீ ஆஃப் மை லாஸ்ட் ஃபோர் மெயில்ஸ்’. நண்பர்களோடு பேசும்போது ‘நெவர்’ தாராளமாக இருக்கட்டும்.

எதிர்வழக்கு:
ஒப்புக்கொள்கிறேன், தூரம் மட்டும் போதாது. கேட்பவரும் கூட்டுச் சேர வேண்டும். மொழியியலாளர்கள் மெக்கார்த்தியும் கார்ட்டரும் 50 லட்சம் சொல் கொண்ட பேச்சு ஆங்கிலத் தொகுப்பை வைத்து 2004இல் எழுதிய கட்டுரையில் மிகையை அடையாளம் காண்பதற்குச் சொன்ன குறிகளில் இதுவும் ஒன்று: கேட்பவர் சிரிக்கிறார், ஆமோதிக்கிறார், சில நேரம் தானும் ஒரு படி ஏற்றிவிடுகிறார். ‘நெவர்’ சண்டையில் அந்தக் கூட்டு உடைந்துபோகிறது, அதனால்தான் அதே சொல் குற்றச்சாட்டாக விழுகிறது.

வேர்ப்பலா:
லிட்டரலி. இதைப் பற்றிக் கொதிப்பவர்கள் முதலில் தேதிகளைப் பார்க்கட்டும். ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதி இந்த மிகைப் பொருளுக்குக் காட்டும் மிகப் பழைய சான்று 1769ஆம் ஆண்டு நாவல் ஒன்றிலிருந்து. மெரியம்-வெப்ஸ்டர் 1909 பதிப்பிலேயே இதைப் பதிந்துவிட்டது. ஆக்ஸ்ஃபர்ட் 2011இல் சேர்த்தது, 2013இல்தான் செய்தித்தாள்கள் கண்டுபிடித்து ‘ஆங்கிலம் செத்தது’ என்று ஒப்பாரி வைத்தன. அந்த ஒப்பாரியும் மிகைப்பேச்சுதான்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ‘வெரி’ பழைய பிரெஞ்சில் ‘உண்மையான’ என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. ரியலி, ட்ரூலி இரண்டும் அதே வழி. உண்மையைக் குறிக்கிற சொல் எதுவானாலும் ஆங்கிலம் அதை வெறும் அழுத்தக் கருவியாகத் தேய்த்துவிடும், லிட்டரலி வரிசையில் கடைசியாக நிற்கிறது. அச்சத்தைக் குறித்த சொற்களுக்கும் இதே கதி. டெரிஃபிக் அச்சமூட்டுவதாக இருந்து ‘பிரமாதம்’ ஆனது. டெரிபிள் மோசமாகவே நின்றுவிட்டது, ஆனால் ‘டெரிப்லி கைண்ட்’ என்றால் பாராட்டு. ‘ஆஃபுல்’ திட்டு, ‘ஆஃபுலி குட்’ புகழ்ச்சி, ‘ஆஸம்’ இன்று ‘சரி’ என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மூன்றுக்கும் வேர் ஒன்றே.

அகராதியில் இருப்பதால் எங்கும் எழுதலாமா? கூடாது. அகராதி வழக்கைப் பதிகிறது, நற்சான்று கொடுப்பதில்லை. செய்தி, அறிக்கை, சட்டம், மருத்துவம் இவற்றில் லிட்டரலி நேர்ப்பொருளில் மட்டும் வரட்டும். ‘தி பேஷண்ட் லிட்டரலி ஸ்டாப்ட் ப்ரீதிங்’ என்று படிக்கும் மருத்துவருக்கு ஒரு விநாடிகூட ஐயம் வரக்கூடாது. அங்கே அந்தச் சொல்லையே எடுத்துவிட்டால் வாக்கியம் இன்னும் உறுதியாகும்.

குற்றியலுகரம்:
இல்லாததைச் சொல்லும் மிகையை யாரும் தொடவில்லை. ‘ஐ டிடன்ட் ஸ்லீப் எ விங்க்’, ‘ஹீ ஹாஸன்ட் லிஃப்டட் எ ஃபிங்கர்’, ‘நாட் எ ட்ராப் லெஃப்ட்’. மிகச் சிறிய ஓர் அளவைக் காட்டி அதுவும் இல்லை என்று மறுக்கும் உத்தி. எதிர்மறை இல்லாமல் இவற்றில் பல நிற்காது. ‘ஐ ஸ்லெப்ட் எ விங்க்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘ஹார்ட்லி’ எதிர்மறை வேலை செய்வதால் ‘ஐ ஹார்ட்லி ஸ்லெப்ட் எ விங்க்’ சரி. ஆனால் ‘ஐ டிடன்ட் ஹார்ட்லி ஸ்லீப்’ பொது எழுத்தில் இரட்டை எதிர்மறை, தவிர்க்கவும்.

‘டு டெத்’ இன்னொன்று. போர்ட் டு டெத், ஸ்கேர்ட் டு டெத், வொரிட் டு டெத் எல்லாம் வெறும் மிகை. ‘ஃப்ரோஸ் டு டெத்’, ‘ஸ்டார்வ்ட் டு டெத்’ என்றால் உண்மையாகவே இறப்பாக இருக்கலாம், செய்தியில் வந்தால் அப்படித்தான். நல்ல உணர்ச்சியோடு இது அரிதாகத்தான் சேரும்: ‘டிக்கில்ட் டு டெத்’ உண்டு, ‘ஹாப்பி டு டெத்’ கிடையாது.

‘ஐ குட் ஈட் எ ஹார்ஸ்’ வகையில் ‘குட்’டை மாற்றக் கூடாது. ‘ஐ கேன் ஈட் எ ஹார்ஸ்’ என்றால் அது திறமை அறிவிப்பு.

வழக்கறிமன்றம்:
சட்டப் பக்கத்திலும் இதே தூரக் கணக்குத்தான் ஓடுகிறது. விளம்பரத்தில் ‘உலகிலேயே சிறந்தது’ என்றால் அது ‘பஃப்’, வெறும் ஊதல், யாரும் வழக்குப் போட முடியாது. அளக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போதுதான் பொறுப்பு வருகிறது. இங்கிலாந்தின் கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கு இதற்கு மூலச் சான்று. அந்தப் பெயரில் ஒரு தடுப்பு மருந்துச் சாதனம் விற்ற நிறுவனம், சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்ஸா வந்தால் 100 பவுண்ட் தருவோம் என்று விளம்பரம் செய்தது. வழக்கு வந்ததும் ‘சும்மா ஊதினோம்’ என்றார்கள். அலையன்ஸ் வங்கியில் 1000 பவுண்ட் போட்டிருக்கிறோம் என்று அதே விளம்பரத்தில் எழுதியிருந்தது காலை வாரிவிட்டது. ஊதுகிறவன் எதற்கு வங்கியில் பணம் போடுகிறான்? 1892இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குப் போட்ட திருமதி கார்லில் பக்கம் தீர்ப்பளித்தது.

இதற்கு எதிர்முனை அமெரிக்காவின் லியோனார்ட் எதிர் பெப்சிகோ, 1999. தொலைக்காட்சி விளம்பரத்தில் 70 லட்சம் பெப்சி புள்ளிக்கு (குளிர்பானம் வாங்கிச் சேர்ப்பது) ஹாரியர் போர்விமானம். புள்ளிகளைக் காசுக்கும் வாங்கலாம், ஒன்று 10 சென்ட். கணக்குப் போட்டு ஏழு லட்சம் டாலருக்குக் காசோலை அனுப்பிவிட்டார் ஒருவர். ஒரு விமானத்தின் விலையோ சுமார் 2.3 கோடி டாலர். நியாயமான எவரும் இதை மெய்யான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் கவனியுங்கள், பெப்சியும் பாடம் கற்றது: பிறகு அந்த எண்ணை 70 கோடியாக்கி ‘ஜஸ்ட் கிட்டிங்’ என்றும் சேர்த்தார்கள். எதிர்வழக்கு சொன்ன அதே திருத்தம், எட்டிப் பிடிக்கக்கூடிய எண்ணை எட்டாத உயரத்துக்கு ஏற்றியது.

மிரட்டல் மாதிரி ஒலிக்கும் மிகை எழுத்தில் மிக ஆபத்து. குரலும் முகமும் கூட வராது. 2010இல் பிரிட்டனில் ஒருவர், விமான நிலையம் மூடிக்கிடந்த எரிச்சலில், அதைத் தகர்த்துவிடுவேன் என்று ட்விட்டரில் எழுதித் தண்டனை பெற்றார். அது வெற்றுப் பேச்சு என்று உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது 2012 ஜூலையில். இரண்டரை ஆண்டு அலைச்சல். கொல்வேன், வெடிப்பேன் வகை ‘ஐ வில் கில் யூ’ எல்லாம் வாய்ப்பேச்சோடு நிற்கட்டும்.

மெய்ப்புத்திருத்தி:
அலுவல் எழுத்து பற்றிக் காற்புள்ளி கேட்டிருந்தார். அமெரிக்க அலுவல் நடையில் ‘எக்ஸைட்டட்’, ‘த்ரில்ட்’ சாதாரண மரியாதைச் சொற்கள், ‘மகிழ்ச்சி’ என்ற அளவுதான். அதனால் ‘எக்ஸ்ட்ரீம்லி த்ரில்ட்’ இரண்டு வகையில் பிழை: நெடில் சொன்ன உச்சிச் சொல் சிக்கல் ஒன்று, தேவையில்லாத ஊதல் இன்னொன்று. ஒரு மின்னஞ்சலுக்கு ஓர் உச்சிச் சொல், ஓர் ஆச்சரியக்குறி. பெரும்பாலும் நன்றி சொல்லும் வரியில் வைத்தால் உறுத்தாது. வேலையைப் பற்றிய வரிகளில் வேண்டாம். ‘ஹ்யூஜ் ப்ராப்ளம்’ என்று எழுதினால் உண்மையிலேயே பெரிய சிக்கல் வரும் நாளில் சொல் மிச்சம் இருக்காது.

ஆய்வெழுத்திலும் இந்தப் பணவீக்கம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தரவுத்தளத்தின் ஆய்வுச்சுருக்கங்களை அலசியது. நாவல், அமேஸிங், அன்ப்ரெஸிடென்டட் போன்ற மெச்சும் சொற்கள் வந்த சுருக்கங்கள் 1974–80இல் 2 சதவீதம், 2014இல் 17.5 சதவீதம். கண்டுபிடிப்புகளும் அதே வேகத்தில் சிறந்துவிட்டனவா என்று ஆய்வாளர்களே ஐயப்பட்டார்கள். கட்டுரை எழுதுபவர்கள் ‘ட்ரமாட்டிக் இன்க்ரீஸ்’ என்ற இடத்தில் எண்ணைப் போட்டால் போதும், ‘ட்ரமாட்டிக்’ தானே உதிர்ந்துவிடும்.

வேர்ப்பலா:
சேர்க்க ஒன்று. ஆங்கிலத்தில் எதிர்மறைக் கேலிக்கு மிகைதான் கொடி. ஏதோ கெட்டுப்போன நேரத்தில் ‘குட்’ என்றால் குழப்பம் வரலாம். ‘ஓ, ஆப்சல்யூட்லி ஃபென்டாஸ்டிக்’ என்றால் கேலி என்று உடனே தெரியும். அதனால் எழுத்தில் உண்மையாகப் பாராட்டும்போது ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ‘வாட் அன் ஆப்சல்யூட்லி ஜீனியஸ் ஐடியா’ என்று மேலதிகாரிக்கு எழுதிவிட்டு, அவர் ஏன் முகம் சுளித்தார் என்று கேட்கக் கூடாது.

காற்புள்ளி:
அருமை, எல்லாருக்கும் நன்றி. (‘தாங்க்ஸ் எ மில்லியன்’ என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன்.) மொழிபெயர்ப்புக் கேள்வி மட்டும் மிச்சம்.

குற்றியலுகரம்:
எண்ணையும் உடலுறுப்பையும் அப்படியே கொண்டுவராதீர்கள், மிகையின் வலிமையை மட்டும் கொண்டுவாருங்கள். ‘எ மில்லியன் டைம்ஸ்’ தமிழில் பத்து லட்சம் தடவை ஆகாது, ‘ஆயிரம் தடவை சொல்லியாச்சு’ போதும். ‘ஐ ஆம் ஸ்டார்விங்’ என்றால் ‘பசி உயிர் போகுது’. ‘ஸ்ப்ளிட்டிங் ஹெட்ஏக்’ என்றால் ‘தலை வெடிக்குது’. ‘போர்ட் டு டெத்’ என்றால் ‘செம கழுத்தறுப்பு’. ‘வெய்ஸ் எ டன்’ என்றால் ‘பாறாங்கல்லு மாதிரி கனக்குது’. இன்னொன்று: தேய்ந்துபோன ‘அமேஸிங்’, ‘ஆஸம்’ வந்தால் ‘வியப்பூட்டுகிறது’ என்று எழுதி அதற்குப் புத்துயிர் கொடுக்காதீர்கள். பேசுகிறவர் ‘சூப்பர்’ என்றுதான் சொல்கிறார், பல இடங்களில் வெறும் ‘சரி’.

‘ஐ ஆம் டெட்’ வந்தால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். முன்னால் ஒரு நகைச்சுவை இருந்தால் ‘சிரிச்சு முடியல’. குட்டு உடையப்போகிறது, யாரோ கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறார்கள் என்றால் ‘செத்தேன்’. இரண்டையும் மாற்றிப் போட்டால் காட்சியே தலைகீழ்.

நெடில்:
‘ஐ ஆம் ஸோ டெட்’ என்று ‘ஸோ’ சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இரண்டாவது, மாட்டிக்கொண்ட ‘செத்தேன்’. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவர் சொன்னால் அது களைப்பு, ‘உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’.